பிழைத்தது யார்?

பம்மலில் எங்கள் தெருவில் ராத்திரி கரண்ட் போனால் எல்லோரும் மொட்டை மாடிக்கு வந்துவிடுவோம். பாய், தலையணை, விசிறி, கொசுவத்திச் சுருள் சகிதம். போன மாதம் ஒரு ராத்திரி அப்படி உட்கார்ந்திருந்தபோது மீனம்பாக்கம் பக்கமிருந்து ஒரு விமானம் எழும்பித் தலைக்கு மேல் போனது. மணி ஒன்றரை.

"கார்கோ சார். ஜன்னல்ல லைட்டே இல்ல பாருங்க" என்றார் அடுத்த வீட்டு மாடியிலிருந்த நண்பர்.

அவருக்குத் தெரியும். சரக்கு க்ளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் 22 வருஷம் கணக்கு எழுதியவர். அந்த ஆபீஸின் வரும்படியில் முக்கால்வாசி ஒரே ஒரு ஏற்றுமதிக்காரரிடமிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் அவர் வேறு ஏஜென்ட்டிடம் போய்விட்டார். ஆறு மாதத்தில் ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். நண்பருக்கு அப்போது 53 வயது. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"அந்த ஆளை இப்பவும் கோயில்ல பார்ப்பேன். பார்த்தாலே கோபம் பொத்துக்கிட்டு வரும். ஆனா ஏன்னு யோசிச்சா எனக்கே பதில் தெரியல. ஒரு பைசா பாக்கி வைக்காம செட்டில் பண்ணிட்டுத்தானே சார் போனான்?"

நல்ல கேள்வி. பாக்கி வைத்துவிட்டுப் போனவனைத் திட்டலாம், கோர்ட்டுக்கு இழுக்கலாம். எல்லாக் கணக்கையும் தீர்த்துவிட்டுக் கும்பிட்டு விடைபெற்றவன்மேல் கோபப்பட நமக்கு என்ன நியாயம் இருக்கிறது? வாடிக்கையாளர் என்பவர் நமக்கு வாழ்க்கைப்பட்டவரா என்ன?

பதில் சொல்லத் தெரியாதபோது கதை சொல்வது என் வழக்கம். கரண்ட் வருகிற வழியாக இல்லை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் வில்மிங்டன் என்ற ஊரின் கதையை அவருக்குச் சொன்னேன்.

சுமார் 12,000 பேர் வசிக்கும் சின்ன ஊர். சுற்றிலும் சோளக்காடு. அங்கே ஒரு விமானப்படைத் தளம் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் அதை மூடிவிட்டார்கள். ஓடுதளம் மட்டும் சும்மா கிடந்தது. 1980இல் ஏர்போர்ன் என்ற கூரியர் கம்பெனி அங்கே வந்து சேர்ந்தது. 1946இல் ஹவாய்த் தீவிலிருந்து விமானத்தில் பூ கொண்டுவருவதற்காகத் தொடங்கப்பட்ட கம்பெனி அது. பூ போய்ப் பார்சல் வந்தது. வில்மிங்டன் விமான நிலையத்தையே ஏர்போர்ன் சொந்தமாக வாங்கிக்கொண்டது. ராத்திரி நாடு முழுவதிலுமிருந்து விமானங்கள் வந்து இறங்கும். பார்சல்களைக் கொட்டிப் பிரித்து, ஊர்வாரியாக மறுபடி ஏற்றி, விடிவதற்குள் அனுப்பிவிடுவார்கள். பகலில் வயல் வேலை பார்க்கிறவர் ராத்திரியில் பார்சல் பிரிக்கப் போவார். பெரும்பாலானோர் போனது சம்பளத்துக்காக மட்டுமல்ல. கூடவே வந்த மருத்துவ இன்ஷூரன்ஸுக்காகவும்தான். அமெரிக்காவில் அது இல்லாமல் உடம்புக்கு ஒன்று வந்தால் வீட்டை விற்க வேண்டும்.

2003இல் ஏர்போர்னை ஜெர்மன் தபால்துறையின் வாரிசான டாய்ச்ச போஸ்ட் வாங்கியது. விலை 105 கோடி டாலர். மஞ்சளும் சிவப்புமாக வண்டி ஓட்டுகிற டிஹெச்எல் அவர்களுடையதுதான். ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் ஒரு முடிச்சு. அமெரிக்க விமானக் கம்பெனியின் ஓட்டுரிமைப் பங்குகளில் கால்வாசிக்கு மேல் அந்நியர் வைத்திருக்கக் கூடாது. என்ன செய்தார்கள்? ஏர்போர்னை இரண்டாகப் பிளந்தார்கள். தரையில் ஓடுவதெல்லாம் டிஹெச்எல்லுக்கு. ஆகாயத்தில் பறப்பது ஏபிஎக்ஸ் ஏர் என்ற பெயரில் தனிக் கம்பெனியாகி, பழைய பங்குதாரர்களிடமே போனது. விமான நிலையம் டிஹெச்எல்லுக்குச் சொந்தம். விமானங்கள் ஏபிஎக்ஸுக்குச் சொந்தம். விமானங்களில் ஏறுகிற சரக்கு அநேகமாக முழுக்க டிஹெச்எல்லின் சரக்கு.

ஒரு கம்பெனி பிறக்கும்போதே ஒரே ஒரு கஸ்டமரோடு பிறந்தது இப்படித்தான்.

அந்த ஒப்பந்தம் சுவாரசியமானது. ஏபிஎக்ஸ் என்ன செலவு செய்கிறதோ அதை டிஹெச்எல் அப்படியே கொடுத்துவிடும். அதற்கு மேல் 1.75 சதவீதம். செலவைக் குறைத்து, நேரத்துக்குக் கொண்டு சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். அதாவது நூறு டாலர் செலவழித்தால் நூற்றியொன்றே முக்கால் டாலர் கைக்கு வரும். எண்ணெய் விலை ஏறினாலும் கவலையில்லை, சரக்குப் பிடிக்க யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை.

"வீட்டோட மாப்பிள்ளை" என்றார் நண்பர்.

மிகச் சரி. மூன்று வேளை சாப்பாடு, தலைக்கு மேல் கூரை, தீபாவளிக்கு வேட்டி. பீரோ சாவி மட்டும் மாமனாரிடம்.

இந்த இடத்தில் விமானத்தின் கதவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பயணிகள் விமானத்தைச் சரக்கு விமானமாக மாற்ற முதலில் அதன் விலாவில் பெரிய கதவு ஒன்று வெட்டுவார்கள். பெரிய பெட்டிகள் உள்ளே போவதற்கு. அது ஏகப்பட்ட செலவு பிடிக்கிற வேலை. உடம்பைக் கிழித்து எலும்பை மாற்றித் தைக்கிற மாதிரி. சிக்கனத்துக்குப் பெயர்போன ஏர்போர்ன் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருந்தது. கதவை வெட்டுவதற்குப் பதிலாகப் பெட்டியைச் சுருக்கியது! பயணிகள் ஏறுகிற வாசலில் நுழைகிற அளவுக்கு ஒல்லியான பெட்டிகளைச் செய்துகொண்டது. பழைய விமானங்களை வாங்கி, கதவை வெட்டாமலே ஓட்டியது. கூரியர் கவர்களுக்கும் சின்னப் பார்சல்களுக்கும் அதுவே தாராளம். பல வருஷம் ஏராளமான பணம் மிச்சம்.

ஆனால் அந்த விமானத்தை வேறு யாரும் வாடகைக்குக் கேட்க மாட்டார்கள். உலகத்தில் மற்ற எல்லோருடைய பெட்டியும் பெரிது. ஒருவருக்கு மிகமிகப் பொருத்தமாக நம்மைச் செதுக்கிக்கொண்டால் மற்றவர்களுக்கு உதவாமல் போவோம் என்பதை அலுமினியத்திலேயே செய்து காட்டியிருந்தார்கள்.

2005இல் டிஹெச்எல் தன் பழைய மையத்தைக் காலி செய்துகொண்டு முழுக்க வில்மிங்டனுக்கு வந்தது. ஒஹாயோ அரசு சலுகைகள் கொடுத்து வரவேற்றது. ஊரில் ஒரே கொண்டாட்டம். காலி செய்த இடம் எது? கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும், காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். பக்கத்து மாநிலமான கென்டக்கியில் இருக்கும் சின்சினாட்டி விமான நிலையம். வில்மிங்டனுக்கு வந்த வேலையில் ஒரு பகுதி அங்கே போன வேலை. அந்த வருஷம் வில்மிங்டனில் யாராவது கென்டக்கிக்காரர்களை நினைத்து வருத்தப்பட்டார்களா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நாம் பட்டிருக்க மாட்டோம்.

டிஹெச்எல்லுக்கு அமெரிக்கா ராசியில்லை. ஃபெடெக்ஸ், யூபிஎஸ் என்ற இரண்டு மலைகளுக்கு நடுவில் மூன்றாவதாக நுழையப் பார்த்து வருஷத்துக்கு 100 கோடி டாலர் அளவில் இழந்துகொண்டிருந்தது. 2008 மே 28ஆம் தேதி ஓர் அறிவிப்பு வந்தது. இனி எங்கள் சரக்கை எங்கள் போட்டியாளரான யூபிஎஸ்ஸின் விமானங்களிலேயே அனுப்பப் போகிறோம், பேசிக்கொண்டிருக்கிறோம் என்று. விமானம் யூபிஎஸ்ஸுடையது என்றால் ஏபிஎக்ஸுக்கு என்ன வேலை? வில்மிங்டனுக்கு என்ன வேலை?

அது தேர்தல் வருஷம். வேட்பாளர் மெக்கெய்ன் ஆகஸ்டில் ஊருக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார். ஒன்றும் நடக்கவில்லை. நவம்பர் 10ஆம் தேதி அடுத்த அறிவிப்பு. அமெரிக்காவுக்குள்ளே ஊர்விட்டு ஊர் அனுப்பும் தொழிலையே விட்டுவிடுகிறோம். ஜனவரி 30 கடைசி நாள். வெளிநாட்டுச் சரக்கு மட்டும் தொடரும். எண்ணிப் பார்த்தால் 81 நாள். யூபிஎஸ் ஒப்பந்தம்? அது கடைசிவரை கையெழுத்தாகவே இல்லை. 2009 நடுவில் மிச்சமிருந்த வேலையும் மையமும் எங்கே போயின தெரியுமா? பழையபடி கென்டக்கிக்கு.

வில்மிங்டன் விமான நிலையத்தை நம்பியிருந்த வேலைகள் சுமார் 8,000. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவர்களையும் சேர்த்து. பெரும்பாலோர் ஏபிஎக்ஸ் ஆட்கள். அந்த மாவட்டத்தில் வேலையில்லாதோர் விகிதம் 15 சதவீதத்தைத் தாண்டியது. தொலைக்காட்சிக்காரர்கள் வந்து படம் பிடித்தார்கள்.

சரி, டிஹெச்எல் செய்தது தவறா?

சட்டப்படி இல்லை. முடித்துக்கொள்ள ஒப்பந்தத்தில் இடமிருந்தது. வருஷா வருஷம் 100 கோடி டாலரை இழந்துகொண்டு இன்னும் கொஞ்சம் இழப்பாயாக என்று ஒருவரிடம் கேட்பதும் முறையல்ல. நமக்கு முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியைத் தெரியும். படரக் கொம்பில்லாமல் காற்றில் ஆடிய கொடியைப் பார்த்து மனசு கேட்காமல் தேரை அங்கேயே விட்டுவிட்டு வந்தான். நல்ல மனசு. வீட்டுக்கு நடந்து போயிருப்பான். ஆனால் பாரிக்குப் பங்குதாரர்கள் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குக் காட்ட வேண்டியதில்லை. 'தேர் எங்கே?' என்று கேட்க ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு பங்குச் சந்தை இல்லை.

பாரி கதையில் நாம் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. முல்லை பாரியின் தேர்மேல் ஏற்கெனவே படர்ந்திருக்கவில்லை. தேரை நிறுத்தி, ஏறிக்கொள் என்று சொல்லி, கொடி நான்கு சுற்றுச் சுற்றிய பிறகு, எனக்கு வேலையிருக்கிறது என்று தேரைக் கிளப்பிக்கொண்டு போனால் அது என்ன கணக்கு? கொடியை அவன் வெட்டவில்லை. தன் தேரைத்தான் எடுத்துக்கொண்டு போனான். சட்டப்படி தேர் அவனுடையது.

என் நண்பரின் கோபம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பணம் பாக்கியில்லை. ஆனால் அந்த ஏற்றுமதிக்காரருக்காக இவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பில் போட்டார். அவருடைய குமாஸ்தாவின் கையெழுத்து வரை மனப்பாடம். அவருடைய அவசரத்துக்கு ஏற்ற மாதிரி இவருடைய நாளும் ராத்திரியும் மாறிப்போயின. ஒல்லிப் பெட்டிக்கு ஏற்ற கதவு! இதற்கு இன்வாய்ஸ் கிடையாது. ஒருவர் தன் தேவைக்கேற்ப நம்மை வளையவிட்டு, அந்த வளைவினால் லாபமும் பார்த்துவிட்டுப் போகும்போது, தீர்க்காத ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதற்குப் பணம்தான் தரவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். காலம் தரவேண்டும். ஒருவருக்கு விட்டுப் போக எப்போதும் உரிமை உண்டு. திடீரென்று விட்டுப் போக உரிமை இல்லை. நம்மையே நம்பியிருக்கிறார்கள் என்று தெரிந்தும் கடைசி நிமிஷம்வரை சிரித்துக்கொண்டிருப்பது அயோக்கியத்தனத்துக்குப் பக்கத்து வீடு.

டிஹெச்எல் அந்த ரகம் என்று சொல்லிவிட முடியாது. முன்கூட்டியே அறிவித்தது. நஷ்டஈட்டுக்குப் பணம் ஒதுக்கியது. ஏபிஎக்ஸ் தரவேண்டிய கடனில் ஒரு பங்கைக் கணக்குத் தீர்க்கும்போது கழித்துக்கொண்டது. 2010இல் அந்த விமான நிலையத்தையே உள்ளூர் அமைப்புக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டது. கொடுக்காமல் அதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்கலாம். இருந்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான்.

"அது கிடக்கட்டும். அந்த ஏபிஎக்ஸ் என்ன ஆச்சு? மூடிட்டானா?" என்றார் நண்பர் ஆவலாக. தன்னுடைய ஆபீஸ் மாதிரியே இன்னொன்றும் மூடியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் போல.

மூடவில்லை. மூடியது அதன் பக்கத்து வீட்டுக்காரர். ஆஸ்டார் என்று இன்னொரு விமானக் கம்பெனி டிஹெச்எல்லுக்காகவே பறந்துகொண்டிருந்தது. அதன் விமானங்கள் மூன்று பேர் உட்கார்ந்து ஓட்ட வேண்டிய பழைய ரகம். வேறு யாருக்கும் தேவைப்படவில்லை. தள்ளாடிக்கொண்டிருந்துவிட்டு 2012இல் பறப்பதை நிறுத்தியது.

ஏபிஎக்ஸ் தப்பியதற்கு முக்கியக் காரணம் இடி விழுவதற்கு முன்பே செய்த ஒரு காரியம். 2007 டிசம்பர் கடைசி நாளில், பெரும்பகுதி கடன் வாங்கி, கார்கோ ஹோல்டிங்ஸ் இன்டர்நேஷனல் என்ற இன்னொரு கம்பெனியை வாங்கியது. அதனிடம் இரண்டு சின்ன விமானக் கம்பெனிகள், அமெரிக்க ராணுவத்துக்குப் பறக்கும் வேலை, பாக்ஸ் குளோபல் என்ற சரக்குக் கம்பெனியின் வேலை, விமானங்களை வாங்கிக் குத்தகைக்கு விடும் ஒரு பிரிவு எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே ஏர் ட்ரான்ஸ்போர்ட் சர்வீசஸ் குரூப் என்று ஒரு தாய்க் கம்பெனி. ஐந்தாவது மாதம் மே 28 வந்தது. ஐந்து மாதம் தாமதித்திருந்தால் எந்த பேங்க் கடன் கொடுத்திருக்கும்?

பங்கு விலை ஒரு டாலருக்கும் கீழே போனது. கடன்காரர்கள் வாசலில். கையில் இருந்தது போயிங் 767 விமானங்கள். பழையவைதான், ஆனால் இரண்டு பேர் ஓட்டக்கூடியவை, நடுத்தர அளவு, எண்ணெயும் அளவோடுதான் குடிக்கும். குறை ஒன்றுதான். கதவு. இஸ்ரேலிலுள்ள விமானத் தொழிற்சாலைக்கு அனுப்பி ஒவ்வொன்றாக விலாவில் பெரிய கதவு வெட்டினார்கள். யாருக்காகக் கதவில்லாமல் இருந்தனவோ அவர் போய்விட்டார், இனி ஊருக்கெல்லாம் திற. சரக்கைச் சுமக்கும் கம்பெனி மெல்ல மெல்ல விமானத்தை வாடகைக்கு விடும் கம்பெனியாக மாறியது.

முதல் பெரிய வாடகைக்காரர் யார் என்று நினைக்கிறீர்கள்? 2010இல் 13 போயிங் 767களை ஏழு வருஷக் குத்தகைக்கு எடுத்தது... டிஹெச்எல்! வீட்டோடு மாப்பிள்ளை தனிக்குடித்தனம் போய், மாமனாருக்கே மாடியை வாடகைக்கு விட்டார். கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேச உட்கார்ந்த அந்த மனிதர்களைப் பாராட்டத்தான் வேண்டும். கோர்ட், கேஸ் என்று பத்து வருஷம் அலைந்திருக்கலாம்.

2011இல் பாக்ஸ் குளோபல் வேலையும் போனது. ஷென்க்கர் என்ற ஜெர்மன் கம்பெனி அதை வாங்கி, அமெரிக்காவில் சொந்தமாக விமானம் இயக்குவதை நிறுத்திவிட்டது. இரண்டாவது அடி. இந்த முறை விழவில்லை. 2015இல் யாரோ ஒரு ரகசிய வாடிக்கையாளருக்காக வில்மிங்டனிலிருந்து ராத்திரியில் விமானங்கள் பறக்கத் தொடங்கின. அமேசான். 2016 மார்ச்சில் 20 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். கூடவே கம்பெனியில் ஐந்தில் ஒரு பங்குவரை, பங்கு 9.73 டாலர் விலையில் வாங்கிக்கொள்ளும் உரிமை. ஏபிஎக்ஸ் குடும்பத்தின் வருமானத்தில் அமேசானின் பங்கு மூன்றில் ஒன்று அளவுக்கு வளர்ந்தது. 2025 ஏப்ரலில் ஸ்டோன்பீக் என்ற முதலீட்டுக் கம்பெனி பங்கு ஒன்றுக்கு 22.50 டாலர் கொடுத்து மொத்தத்தையும் வாங்கிவிட்டது. கடன்களையும் சேர்த்து மதிப்பு 310 கோடி டாலர்.

அமேசான் பங்கு கேட்டதில் ஒரு தந்திரம் இருக்கிறது. கஸ்டமரே பங்காளி ஆகிவிட்டால் அவர் தரும் வேலை அவர் சொத்தையும் வளர்க்கும். விட்டுப் போனால் அவருக்கும் வலிக்கும். நம் மீனம்பாக்கத்தை மையமாகக் கொண்ட ப்ளூ டார்ட் ஏவியேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். அது முக்கியமாகப் பறப்பது ப்ளூ டார்ட்டுக்காக. அது ப்ளூ டார்ட்டின் துணை நிறுவனமும் கூட. ப்ளூ டார்ட்டின் முக்கால் பங்கு யாரிடம்? அதே டிஹெச்எல். வாடிக்கையாளரும் முதலாளியும் ஒரே வீட்டில். எங்கள் தலைக்கு மேல் போன விமானம் அவர்களுடையதாகவும் இருக்கலாம்.

பெரியவர்களுக்கு இந்தக் கவலைகள் வேறு மாதிரி. ஃபெடெக்ஸ் 2019இல் அமேசானைத் தானே கைகழுவியது. அப்போது அமேசான் அதன் வருமானத்தில் 1.3 சதவீதம்கூட இல்லை. 2024 செப்டம்பரில் அமெரிக்கத் தபால்துறையின் விமான வேலை ஃபெடெக்ஸ் கையைவிட்டு யூபிஎஸ்ஸுக்குப் போனது. ஃபெடெக்ஸ் முனகியதே தவிர விழவில்லை. யூபிஎஸ் 2025 ஜனவரியில் தன் மிகப் பெரிய வாடிக்கையாளரான அமேசானின் சரக்கைப் பாதிக்கு மேல் குறைத்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. லாபம் போதவில்லையாம். கம்பெனியின் சுயமரியாதை என்று முதலில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மூன்று மாதம் கழித்து 20,000 பேரை அந்த வருஷம் குறைக்கப் போவதாக இன்னோர் அறிவிப்பு. யார் யாரை விட்டாலும் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரே ஜாதி.

ஆகவே ஏபிஎக்ஸ் பிழைத்த கதையை மேனேஜ்மென்ட் வகுப்பில் சொல்வதுபோல் கைதட்டி முடிக்க எனக்கு மனசு வரவில்லை. பிழைத்தது என்றால் எது பிழைத்தது? பெயர் பிழைத்தது. விமானங்கள் பிழைத்தன. பங்கை விற்காமல் பொறுத்திருந்தவர் ஒரு டாலரிலிருந்து இருபத்திரண்டரை பார்த்தார். ராத்திரி பார்சல் பிரித்த ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பிழைப்பில் இல்லை. அவர்களை இறக்கிவிட்டதால்தான் மற்றதெல்லாம் மிதந்தது என்றுகூடச் சொல்லலாம். தமிழில் இந்தச் சொல்லே விசித்திரமானது. பிழை என்றால் தவறு. பிழைத்தல் என்றால் உயிர் தப்புவது, தவறு செய்வதும்தான். பிழைப்பு என்றால் வயிற்றுப்பாடு. மூன்றையும் ஒரே வேரில் முளைக்கவிட்டவர்கள் எதையோ பார்த்திருக்க வேண்டும்.

"அதுக்குத்தான் சார் ஒருத்தரையே நம்பக் கூடாது. நாலு கஸ்டமர் வெச்சுக்கணும்" என்றார் நண்பர்.

"நீங்க எத்தனை கஸ்டமர் வெச்சிருந்தீங்க?" என்றேன்.

"நானா? நான் என்ன சார், கணக்குப்பிள்ளை."

அதைத்தான் சொல்கிறேன். மாதச் சம்பளக்காரர் ஒவ்வொருவரும் ஒரே ஒரு கஸ்டமரை வைத்துக்கொண்டிருக்கும் கம்பெனிதான். நம்முடைய நாளை மொத்தமாக ஒருவருக்கு விற்றுவிட்டோம். அவருடைய பெட்டிக்கு ஏற்ற மாதிரி நம் கதவு. டிஹெச்எல்லுக்கு ஏபிஎக்ஸ் எப்படியோ, ஏபிஎக்ஸுக்கு அந்த ராத்திரி வேலைக்காரர் அப்படி. 'ஒருவரையே நம்பாதே' என்று கம்பெனிக்குச் சொல்லலாம். அது கடன் வாங்கி இன்னொரு கம்பெனியை வாங்கும். சோளக்காட்டுக்காரர் எதை வாங்குவார்? இரண்டாவது முதலாளியை எந்தக் கடையில் விற்கிறார்கள்? டிஹெச்எல் 81 நாள் கொடுத்ததே என்று ஏபிஎக்ஸுக்கு வருத்தம் இருந்திருக்கலாம். தன் ஆட்களுக்கு அதைவிட ஒரு நாள் அதிகம் கொடுக்க அதனாலும் முடியவில்லை.

அந்த ஊரில் 2017 வாக்கில் அமேசானும் தன் சரக்கை எடுத்துக்கொண்டு கென்டக்கிக்குத்தான் போனது. பெரிய மையம் கட்டப்போவதாக அங்கே அறிவித்திருந்தது. பிறகு 2019இல் வில்மிங்டனுக்குக் கொஞ்சம் வேலை திரும்பி வந்தது. மறுபடி ராத்திரி விமானம், மறுபடி பார்சல். வந்தவர்களில் பத்து வருஷத்துக்கு முன் போனவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், இந்த முறை அவர்கள் வீட்டுக் கடன் வாங்கினார்களா என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க முதலாளி என்ன ஆனார்?" என்று கேட்டேன்.

"அவருக்கென்ன சார். ஆபீஸ் பில்டிங் சொந்தம். மூடின மறுமாசமே வாடகைக்கு விட்டுட்டார். இப்ப ரெண்டு மாடி ஏத்திக் கட்டியிருக்கார்." சொல்லிவிட்டு நிறுத்தினார். விசிறியும் நின்றது. "அவர் மேல எனக்குக் கோபமே வந்ததில்ல சார். மூடறதுக்கு முந்தின நாள்தான் எங்ககிட்டச் சொன்னார். பாவம், அவரும் என்ன பண்ணுவார்னு நானே நாலு பேர்கிட்டச் சமாதானம் சொன்னேன். அந்த ஏற்றுமதிக்காரன் ரெண்டு மாசம் முன்னாடியே லெட்டர் கொடுத்திருந்தான். ஃபைல் பண்ணினது நான்தான்."

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். முதலாளி பார்த்துப்பார்னு இருந்துட்டேன்."

மீனம்பாக்கம் பக்கம் மறுபடி இரைச்சல் கேட்டது. இன்னொரு விமானம், இதற்கும் ஜன்னலில் வெளிச்சமில்லை. நண்பர் பழக்க தோஷத்தில் செல்போனை எடுத்து மணி பார்த்தார்.

"பத்து நிமிஷம் லேட்" என்றார்.